ஸ்பானிய மொழியில் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானியம் படிக்கத் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடும் சொல் 'அகுவா'. இதைச் சொன்னால் தண்ணீர் கிடைத்துவிடும் என்று நம்பிப் போனால், மெக்சிகோவின் சாப்பாட்டுக் கடையில் சிவப்பாக ஒரு சர்பத் வரும். குவாத்தமாலாவில் கலர் பாட்டில் வரும். ஸ்பெயினில் பரிமாறுபவர் உடனே இரண்டு கேள்வி கேட்பார். புதிதாகப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

தண்ணீருக்கு ஸ்பானியத்தில் எத்தனை சொற்கள்?

உண்மையில் ஒன்றுதான். லத்தீன் 'அக்வா'விலிருந்து வந்த 'அகுவா'. நீர், புனல், வெள்ளம் என்று நாம் மாற்றி மாற்றிச் சொல்வதற்கு அங்கே வழியில்லை. செய்தித்தாள்காரர்கள் ஒரே சொல்லைத் திரும்ப எழுதச் சலித்து 'எல் வித்தால் லீக்கிதோ', அதாவது 'உயிர்காக்கும் திரவம்' என்று எழுதுவார்கள். குழாய் உடைந்த செய்தி என்றால் இந்தத் தொடர் தப்பாமல் வரும். தேய்ந்துபோன தொடர், நீங்கள் பழக வேண்டாம்.

சொல் ஒன்றானாலும் பொருள் பல. அகுவாவுக்குப் பின்னால் எந்தச் சொல் ஒட்டியிருக்கிறது, அதை எந்த நாட்டில் நின்று சொல்கிறோம் என்ற இரண்டும் சேர்ந்துதான் கையில் என்ன கிடைக்கும் என்று முடிவு செய்யும்.

உச்சரிப்பில் அழுத்தம் முதல் எழுத்தில் விழ வேண்டும். நடுவில் உள்ள 'கு' மிக மென்மையானது. 'அக்குவா' என்று இரட்டிக்காதீர்கள்.

'எல் அகுவா' என்கிறார்களே, அப்படியானால் ஆண்பாலா?

பெண்பால். ஸ்பானியத்தில் ஆண்பாற் பெயருக்கு முன் 'எல்', பெண்பாற் பெயருக்கு முன் 'லா' வரும் என்பது பொது விதி. ஆனால் அழுத்தம் பெற்ற 'அ' ஒலியில் தொடங்கும் பெண்பாற் பெயர்களுக்கு ஒருமையில் 'எல்' வரும். எல் ஆகிலா (கழுகு), எல் ஆல்மா (ஆன்மா), எல் ஆச்சா (கோடாலி) எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

இந்த 'எல்' ஆண்பாலிடம் இரவல் வாங்கியது என்று பல பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அது சரியல்ல. லத்தீனின் பெண்பாற் சுட்டான 'இல்லா' பழைய ஸ்பானியத்தில் 'எலா' என்று ஆனது. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் அது தலையை இழந்து 'லா' ஆயிற்று; உயிரெழுத்துக்கு முன் வாலை இழந்து 'எல்' ஆயிற்று. ஆகவே 'எல் அகுவா'வில் இருப்பதும் பெண்பால் 'எல்' தான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அடைமொழி பெண்பாலில்தான் வரும்: எல் அகுவா ஃப்ரீயா (குளிர்ந்த தண்ணீர்). 'ஃப்ரீயோ' தவறு. பன்மையில் லாஸ் அகுவாஸ். இடையில் வேறு சொல் நுழைந்தால் 'லா' திரும்பிவிடும்: லா மீஸ்மா அகுவா (அதே தண்ணீர்). நிறைய என்பதற்கு முச்சா அகுவா. 'இந்தத் தண்ணீர்' என்பதற்கு எஸ்தா அகுவா. இந்தக் கடைசி இடத்தில் ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அடிக்கடி 'எஸ்தே அகுவா' என்று வழுக்குவார்கள். குழப்பம் வந்தால் ஒரு பழமொழியை நினைவில் வையுங்கள்: 'நுன்கா திகாஸ் தே எஸ்தா அகுவா நோ பெபெரே'. 'இந்தத் தண்ணீரைக் குடிக்கவே மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லாதே' என்று பொருள். நாளை என்ன நிலை வருமோ, சபதம் போடாதே என்பது கருத்து.

செல்லமாகச் சுருக்கி 'அகுவீத்தா' என்றால் அழுத்தம் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது. அதனால் 'லா அகுவீத்தா'. எழுதும்போது அதில் வரும் 'உ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அகீத்தா' என்று படிப்பார்கள். சிலி, எக்வதோர் பக்கம் சாப்பாட்டுக்குப் பின் 'அகுவீத்தா வேண்டுமா' என்று கேட்டால், அது மூலிகை போட்ட வெந்நீர்.

உணவகத்தில் வெறும் தண்ணீர் கேட்பது எப்படி?

நாட்டுக்கு நாடு மாறும்.

ஸ்பெயினில் முதல் கேள்வி 'கோன் காஸ் ஓ சின் காஸ்?', அதாவது நுரை அடைத்ததா, சாதாவா. அடுத்தது 'ஃப்ரீயா ஓ தெல் தியெம்போ?' 'தியெம்போ' என்றால் நேரம், வானிலை இரண்டும். இங்கே குளிர்பெட்டியில் வைக்காத, அறையின் சூட்டிலேயே இருக்கும் தண்ணீர். மெக்சிகோவில் இதையே 'அல் தியெம்போ' என்பார்கள்.

'அகுவா மினெரால்' என்பது பெரிய கண்ணி. ஸ்பெயினில் அது ஊற்றிலிருந்து எடுத்துப் புட்டியில் அடைத்த தண்ணீர், பெரும்பாலும் நுரை இல்லாதது. மெக்சிகோவில் அப்படிக் கேட்டால் நுரைக்கும் தண்ணீர்தான் வரும். 'அகுவா நத்துரால்' என்பதும் இரட்டைப் பொருள்: ஸ்பெயினில் 'குளிர் இல்லாதது', மெக்சிகோவில் 'எதுவும் கலக்காதது'. மெக்சிகோவில் 'அகுவா சிம்ப்ளே' என்றாலும் வெறும் தண்ணீர்தான். குவாத்தமாலாவில் 'அகுவாஸ்' என்றால் குளிர்பானம். குடிக்கிற தண்ணீருக்கு 'அகுவா பூரா' என்று கேட்க வேண்டும். அர்ஜென்டினாவில் நுரைத் தண்ணீருக்கு 'சோதா' என்றே பெயர். விசையை அமுக்கினால் பீறிட்டு வரும் சீசாவில் வைத்துத் தரும் வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

ஸ்பெயினில் காசு கொடுக்காமல் குடிக்க விரும்பினால் 'அகுவா தெல் கிரிஃபோ' கேளுங்கள். 2022இல் வந்த கழிவுச் சட்டம் உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. புட்டிகளின் குப்பையைக் குறைப்பதே நோக்கம். பரிமாறுபவர் முகம் சற்றுக் கோணலாம். கேட்பது உங்கள் உரிமை. மத்ரித் நகரத்தார் தங்கள் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாமல் இருக்க மாட்டார்கள். லோசோயா ஆற்றிலிருந்து கால்வாய் வழியே 1858இல் நகருக்கு வந்த தண்ணீர் அது. 1851இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர் இன்றும் 'இரண்டாம் இசபெல் கால்வாய்' தான்.

குழாய்த் தண்ணீருக்கு ஏன் இத்தனை பெயர்?

தண்ணீரின் பெயர் மாறவில்லை, குழாயின் பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஸ்பெயினில் கிரிஃபோ. மெக்சிகோ, கொலம்பியா, சிலியில் யாவே (சாவிக்கும் அதே சொல்). அர்ஜென்டினா, உருகுவேயில் கனீயா. பெருவில் கான்யோ. வெனிசுவேலாவில் சோர்ரோ. பொலிவியாவில் பீலா. புவேர்த்தோ ரிக்கோவில் புளூமா, அதாவது இறகு. பெருவில் கிரிஃபோ என்றால் பெட்ரோல் பங்க். அங்கே போய் 'கிரிஃபோ தண்ணீர் குடிக்கலாமா' என்று கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள்.

குடிக்கலாமா கூடாதா என்று பார்க்க 'பொத்தாப்ளே' என்ற சொல்லைத் தேடுங்கள். பலகையில் 'நோ பொத்தாப்ளே' என்றிருந்தால் கை கழுவ மட்டும்.

மெக்சிகோவில் 'அகுவா' கேட்டால் ஏன் சிவப்பாக வருகிறது?

அது 'அகுவாஸ் ஃப்ரெஸ்காஸ்' வகை. பழம், பூ, தானியம் இவற்றைத் தண்ணீரில் ஊறவைத்தோ அரைத்தோ சர்க்கரை சேர்த்துத் தருவது. மதியச் சாப்பாட்டுக் கடைகளில் சாப்பாட்டோடு அன்றைய அகுவா ஒன்றும் சேர்த்தியாகவே வரும். சந்தையில் வாய் அகன்ற பெரிய கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஜாடிக்குப் பெயர் வித்ரொலேரோ.

சிவப்பாக வந்தது 'ஹமைக்கா'. ஜமைக்கா தீவின் பெயரே, ஸ்பானிய உச்சரிப்பில். புளிச்சக்கீரை இனத்துச் செடி ஒன்றின் உலர்ந்த சிவப்புப் புல்லியிதழ்களை ஊறவைத்தது. வெள்ளையாக வருவது 'ஒர்ச்சாத்தா': மெக்சிகோவில் அரிசியும் பட்டையும். இதே பெயரை ஸ்பெயினின் வலென்சியாவில் சொன்னால் அரிசியே இருக்காது. ஒருவகைக் கோரைக் கிழங்கை அரைத்துப் பிழிந்த பால் வரும். பழுப்பாக வருவது 'தமரிந்தோ', நம் புளி. பெயர் அரபியின் 'தமர் ஹிந்தி', அதாவது 'இந்தியப் பேரீச்சை' என்பதிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. என்னைக் கேட்டால் வெயிலுக்கு இந்த மூன்றில் புளிதான்.

'அகுவா துல்சே' இனிக்குமா?

பெரும்பாலும் இல்லை. 'துல்சே' இனிப்பு என்றாலும் ஆறு, ஏரி, கிணற்றில் உள்ள உப்பில்லாத நன்னீரைத்தான் அப்படிச் சொல்வார்கள். கடல்நீர் 'அகுவா சலாதா'. கழிமுகத்து உவர்நீர் 'அகுவா சலோப்ரே'. மீன்கடைப் பலகையில் 'அகுவா துல்சே' என்று இருந்தால் ஆற்றுமீன்.

கோஸ்தா ரிக்காவில் மட்டும் உண்மையிலேயே இனிக்கும். கரும்புவெல்லத்தைக் கொதிநீரில் கரைத்துக் காலையில் குடிக்கும் பானத்துக்கு அங்கே அதே பெயர். கொலம்பியாவில் இது 'அகுவாபனேலா'. பலர் அதில் பாலாடைக்கட்டித் துண்டை நனைத்துச் சாப்பிடுவார்கள்.

'அகுவா தே பீப்பா' என்றால் லாரித் தண்ணீரா, இளநீரா?

எந்த நாட்டில் என்று சொல்லுங்கள். மெக்சிகோவில் பீப்பா என்பது தண்ணீர் லாரி. கோஸ்தா ரிக்காவில் பீப்பா என்பது இளந்தேங்காய். ஆக, அதே தொடர் ஒரு நாட்டில் பஞ்சத்தின் அடையாளம், இன்னொரு நாட்டில் கடற்கரை உல்லாசம். லாரிக்கு சிலியில் 'கமியோன் அல்ஹீபே', கொலம்பியாவில் 'கார்ரோதாங்கே'.

மெக்சிகோ நகரத்தில் வீடு பிடிப்பவர்களுக்கு இன்னும் சில சொற்கள் தேவை. மொட்டைமாடித் தொட்டிக்குப் பெயர் தினாக்கோ. தரைக்கடியில் இருக்கும் சம்ப் 'சிஸ்தெர்னா'. 20 லிட்டர் கேன் 'கார்ராஃபோன்'. பகுதி பகுதியாக முறைவைத்துத் தண்ணீர் விடுவது 'தந்தேயோ'. வாடகை பேசும்போது அந்தத் தெருவில் தந்தேயோ உண்டா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாயில் வைக்கவே கூடாத அகுவா எவை?

இந்தக் கேள்வியை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும். புட்டியின் மேல் 'அகுவா' என்று இருப்பதெல்லாம் தண்ணீர் அல்ல.

'அகுவா ஒக்சிஹெனாதா' ஹைட்ரஜன் பெராக்சைடு, புண் கழுவ வைத்திருப்பது. 'அகுவார்ராஸ்' டர்பென்டைன், பெயின்ட் கரைக்க. அர்ஜென்டினாவின் 'அகுவா லவந்தீனா' துணி வெளுக்கும் பிளீச். அதற்கு ஸ்பெயினில் லெஹீயா என்றும் மெக்சிகோவில் க்ளோரோ என்றும் பெயர். 'அகுவா ரேஹியா' தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகம், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பார்க்க வாய்ப்பில்லை.

'அகுவா ஃபுவெர்த்தே', சொல்லுக்குச் சொல் 'வலிய நீர்', சற்று விளக்கம் கேட்கும். பழைய வேதியியலில் இது நைட்ரிக் அமிலம். செப்புத் தகட்டில் கோடு கீறி, அமிலம் ஊற்றி அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுக்கும் ஓவிய முறைக்கும் அதனாலேயே 'அகுவாஃபுவெர்த்தே' என்று பெயர் வந்தது. ஓவியர் கோயா இந்த முறையில் பெரும் தேர்ச்சி பெற்றவர். ஆனால் இன்று ஸ்பெயின் கடைகளில் கழிப்பறைக் கறை நீக்க அந்தப் பெயரில் விற்கும் புட்டியில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதையும் லெஹீயாவையும் ஒருநாளும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

அகுவார்தியெந்தே, அகுவாமியெல்: இவை குடிக்கலாமா?

முதலாவது 'எரியும் நீர்', சாராயம். கொலம்பியாவில் கரும்பிலிருந்து இறக்கிச் சோம்பு மணம் ஏற்றியது. ஸ்பெயினின் கலீசியாவில் திராட்சை பிழிந்த சக்கையிலிருந்து காய்ச்சுவது.

இரண்டாவது 'தேன்நீர்'. மெக்சிகோவின் மேட்டுநிலத்தில் விளையும் மகேய் என்ற பெரிய கற்றாழை இனச் செடியின் நடுக்குருத்தை வெட்டிக் குழியாக்கினால், சுற்றிலுமிருந்து இனிப்பான சாறு ஊறும். அதைத் தினமும் சுரண்டி எடுப்பவர் த்லாச்சிகேரோ. நீண்ட சுரைக்குடுக்கையின் ஒரு முனையில் வாய்வைத்து உறிஞ்சிச் சாற்றை மேலே இழுப்பார். புதிதாக எடுத்தது அகுவாமியெல். புளித்தால் புல்க்கே, வெள்ளையாகக் கொழகொழப்பாக இருக்கும். பதநீரும் கள்ளும் தெரிந்தவர்களுக்கு இந்த உறவை விளக்கவே வேண்டாம்.

தெருவில் யாராவது 'அகுவாஸ்!' என்று கத்தினால்?

மெக்சிகோவாக இருந்தால் நகருங்கள். 'ஜாக்கிரதை' என்று பொருள். பழைய ஸ்பெயினில் மாடியிலிருந்து கழிவுநீரை வீதியில் கொட்டும்போது 'அகுவா வா!', தண்ணீர் வருது, என்று கூவுவார்கள். அதிலிருந்துதான் இது வந்தது என்று மெக்சிகர்கள் சொல்வார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஏதாவது செய்தால் 'சின் தெசீர் அகுவா வா', அதாவது 'தண்ணீர் வருது என்றுகூடச் சொல்லாமல்' என்று இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

மழைக்கு?

பொதுச்சொல் யூவியா. கொட்டித் தீர்ப்பது அகுவாசேரோ. பனியும் மழையும் கலந்து விழுவது அகுவாநியேவே. தூறல் பக்கம் வந்தால்தான் சொற்கள் பெருகும். பெருவின் லிமா நகரம் பாலைவனக் கரையில் இருப்பது, மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்வதில்லை. குளிர்காலத்தில் மூடுபனியிலிருந்து இறங்கும் நுண்தூறல் கருவா. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில் அதுபோன்றது சிரிமீரி. எனக்குப் பிடித்தது 'கலபோபோஸ்': முட்டாள்களை நனைப்பது. இது என்ன தூறல்தானே என்று குடையில்லாமல் கிளம்புகிறவன் தெரு முனைக்குள் தெப்பமாகிவிடுவான்.

குடைக்குப் பெயர் பராகுவாஸ், 'நீரைத் தடுப்பது'. ஒன்றானாலும் பத்தானாலும் அதே வடிவம்.

பாசனச் சொற்கள் ஏன் அரபி மாதிரி ஒலிக்கின்றன?

அரபி என்பதால்தான். முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் ஸ்பெயினின் தெற்கிலும் கிழக்கிலும் வாய்க்கால் வெட்டிய முறையோடு சொற்களும் நிலைத்தன. அசேக்கியா (வாய்க்கால்), அல்ஹீபே (மழைநீர்த் தொட்டி), நோரியா (நீரிறைக்கும் சக்கரம்), அல்பெர்கா (பாசனத் தொட்டி). கடலைத் தாண்டியபோது பொருள் நகர்ந்தது: மெக்சிகோவில் அல்பெர்கா என்றால் நீச்சல்குளம். நோரியா என்று இன்று ஸ்பெயினில் சொன்னால் குழந்தைகளுக்குத் திருவிழா ராட்டினம்தான் நினைவுக்கு வரும். குவாதல்கிவீர் ஆற்றின் பெயர் அரபியில் 'பேராறு'.

வலென்சியாவில் வியாழக்கிழமை இருந்தால் நண்பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போய் நில்லுங்கள். எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கருப்பு மேலாடையில் வட்டமாக உட்கார்ந்து தண்ணீர்த் தகராறுகளை விசாரிப்பார்கள். விசாரணை முழுவதும் வாய்மொழியில், தீர்ப்பு அங்கேயே. 2009இல் யுனெஸ்கோ இந்தத் தண்ணீர் மன்றத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல வாரங்களில் வழக்கே இருக்காது. அழைத்துப் பார்த்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஏமாற வேண்டாம். வழக்கு இல்லை என்றால் வாய்க்காலில் ஒழுங்கு இருக்கிறது என்று அர்த்தம்.

ஊர்ப்பெயர்களில் அகுவா?

ஏராளம். மெக்சிகோவின் அகுவாஸ்கலியெந்தேஸ் 1575இல் உருவான நகரம். பெயருக்கு 'வெந்நீர்கள்', அங்குள்ள ஊற்றுகளால். அந்த ஊர்க்காரரை 'இத்ரோகாலிதோ' என்பார்கள்; எழுத்தில் முதலில் 'ஹ' உண்டு, ஒலிக்காது. கிரேக்கமும் லத்தீனும் கலந்து செய்த சொல், ஊர்ப்பெயரின் 'வெந்நீர்' என்ற பொருளையே சொல்வது. ஊற்றுக்குச் சாதாரணப் பேச்சில் 'ஓஹோ தே அகுவா', தண்ணீரின் கண். ஊற்றுக்கண் என்கிற நமக்கு இது உடனே பிடிபடும்.

குவாத்தமாலாவில் 'வொல்கான் தே அகுவா', தண்ணீர் எரிமலை. 1541 செப்டம்பரில் அதன் சரிவிலிருந்து வெள்ளமும் சேறும் இறங்கி அடியில் இருந்த ஸ்பானியத் தலைநகரை அழித்தன. சில நாட்களுக்கு முன்புதான் ஆளுநர் பொறுப்பேற்றிருந்த பெயாத்ரிஸ் தே லா குவேவா அதில் இறந்தார். பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு மலைக்கு 'நெருப்பு எரிமலை' என்று பெயர். அது இன்றும் கக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பன்மையில் சொன்னால் பொருள் மாறுமா?

சில இடங்களில் மானமே போகும். கப்பலில் ஓட்டை விழுந்து நீர் புகுவது 'அசேர் அகுவா'. தொழில் நொடிக்கத் தொடங்கினாலும் அதையே சொல்வார்கள். ஒரு 'ஸ்' சேர்த்து 'அசேர் அகுவாஸ்' என்றால் சிறுநீர் கழிப்பது. மருத்துவப் பேச்சில் சிறுநீருக்கு 'அகுவாஸ் மெனோரேஸ்' (சிறிய நீர்கள்) என்றும் மலத்துக்கு 'மயோரேஸ்' (பெரியவை) என்றும் நாசூக்கான பழைய வழக்கு உண்டு. பிரசவத்தில் பனிக்குடம் உடைவது ஸ்பெயினில் 'ரொம்பேர் அகுவாஸ்'. லத்தீன் அமெரிக்காவில் 'ஃபுவெந்தே', அதாவது ஊற்று, உடைந்தது என்பார்கள். கூரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அகுவாஸ் என்பது சரிவு: 'தோஸ் அகுவாஸ்' என்றால் இருபக்கமும் சரிந்த கூரை.

அகுவாகாத்தே, அகுவாந்தார் இவற்றிலும் அகுவா இருக்கிறதா?

இல்லை. அகுவாகாத்தே (வெண்ணெய்ப்பழம்) மெக்சிகோவின் நாவாத்ல் மொழிச் சொல்லான 'ஆவாகத்ல்' என்பதிலிருந்து வந்தது. ஸ்பானியர் காதில் பழகிய சொல்போல விழுந்ததால் இந்த வடிவம் பெற்றது. அகுவாந்தார் (பொறுத்துக்கொள்) இத்தாலியத்திலிருந்து வந்தது. அகூஹா (ஊசி), ஆகிலா (கழுகு) இரண்டும் லத்தீன்தான், ஆனால் வேறு வேர்கள். அகுவாஃபியெஸ்தாஸ் மட்டும் அசல் உறவு: விருந்தில் தண்ணீர் ஊற்றுபவன், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நாளைக்கு வேலை இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தும் ஆள்.